வேர்த்து ஊத்துறவங்க ஓடுறதுக்கு எந்த பனியன்?

கேள்வி:

"வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் கிராமம். வயசு 39, எடை 80 கிலோ. ஒன்றரை வருசமா தடப்பள்ளி வாய்க்கால் கரையில காலைல அஞ்சரைக்கு ஓடுறேன். வாரம் நாலு நாள், 8 இல்லைன்னா 10 கிலோமீட்டர். டிசம்பர்ல கோயமுத்தூர் மாரத்தான்ல 21 கிலோமீட்டர் ஓடலாம்னு இருக்கேன். எனக்கு வேர்வை ரொம்ப அதிகமுங்க. ரெண்டாவது கிலோமீட்டர்லயே பனியன் ஒட்டிக்குது, அஞ்சாவதுல பிழிஞ்சா ஊத்துது. வேர்வையை உறிஞ்சும்னு நல்லாக் கனமான காட்டன் பனியனா வாங்கினேன். நெஞ்சுல உரசி ரத்தமே வந்திருச்சு. அப்புறம் 1,400 ரூபாய் போட்டு ஒரு டிரைஃபிட் எடுத்தேன். மூணு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப எத்தனை தடவை துவைச்சாலும் நாத்தம் போறதில்லை, தண்ணி மேல நின்னு வழியுது. தங்கச்சி மாப்பிள்ளை திருப்பூர்ல இருக்காருங்க. 'காதர்பேட்டைக்கு வாங்க மச்சான், 150 ரூபாய்க்கே எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எடுத்துக்கலாம்'ங்கிறாரு. எதைப் பாத்து எடுக்கறதுன்னு தெரியலீங்க. இப்ப வீட்லயும் கூட நடக்க வர்றாங்க. அவங்களுக்குக் கை வெச்ச, நீளமான டாப்தான் வேணுமாம். அதுக்கும் சேத்து ஒரு வழி சொல்லுங்க."

பதில்:

"வேர்வையை உறிஞ்சும் பனியன்" என்று கேட்டு வாங்கினீர்கள் அல்லவா, சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கடையில் நிற்பவருக்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் உறிஞ்சும் துணி சுகம். கசிகிற கொஞ்ச வேர்வையைத் துணி வாங்கிக்கொள்ளும், ஃபேன் காற்றில் காய்ந்தும் போகும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்க்கிற ஓட்டக்காரருக்கு அதே குணம் பாரமாகிவிடுகிறது. உறிஞ்சிய தண்ணீர் துணிக்குள்ளேயே தங்குகிறது, எடை ஏறுகிறது, கழுத்து தொங்குகிறது, நெஞ்சில் தேய்க்கிறது. உங்களுக்கு வேண்டியது தண்ணீரைக் குறைவாகப் பிடித்து, தோலில் ஒட்டாமல், காற்றை உள்ளே விடுகிற துணி.

முதலில் உங்கள் வேர்வைக்கு ஒரு கணக்கு. சமதரையில் ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். 80 கிலோ எடையோடு 10 கிலோமீட்டர் ஓடினால் 800. இதில் முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியேறியாக வேண்டும், அதாவது 600 கிலோகலோரி. ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். மேலே படும் காற்று எடுத்துப்போவது போக மீதிச் சூட்டை இறக்க உங்களுக்கு வேர்வைதான் வழி. ஆனால் ஆவியாகும் வேர்வைக்குத்தான் இந்தக் கணக்கு. சொட்டித் தரையில் விழுவது சூட்டைக் குறைப்பதில்லை. சொட்டிப் போனதற்கும் சேர்த்து உடம்பு இன்னும் வேர்க்கும். தொடர்ந்து ஓடிப் பழகியவர்களுக்கு வேர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும். எனவே இதை நோயாக நினைக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதும், ராத்திரித் தூக்கத்திலும் நனையும் அளவுக்கு வேர்த்தால், கூடவே எடை குறைந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ, மருத்துவரைப் பார்த்து தைராய்டையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் ஓடுகிற இடம். அதிகாலையில் காற்று குளிர்ந்திருப்பதால் ஓட ஏற்ற நேரம் என்று நினைக்கிறோம். சரிதான். ஆனால் ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். உங்களுக்கு ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீர், மறுபக்கம் நெல் வயல். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று வேர்வையை எளிதில் வாங்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஓடுகிறவரின் பனியன் ஓடும்போதே காய்ந்துவிடும். அதே பனியன் உங்கள் வாய்க்கால் கரையில் காயாது. பல்லடத்து நண்பர் "இதுதாங்க அருமையான பனியன்" என்று சொன்னால் அது அவர் ஊர்க் காற்றுக்கு உண்மை. ஓடி முடிக்கும்வரை காய்ந்தே இருக்கும் பனியன் என்று உங்களுக்கு ஒன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் நம்பவும் வேண்டாம். நனைந்த பிறகும் தொந்தரவு செய்யாத பனியன் கிடைக்கும். அதைத்தான் தேடுகிறோம்.

இனி துணி. சாதாரணச் சோதனைக்கூடச் சூழலில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்திருக்கும். நைலான் 4 சதவீதத்தை ஒட்டி, பாலியஸ்டர் வெறும் 0.4. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கி உப்பும்; உப்பியதும் பின்னல் கண்கள் சுருங்கிக் காற்று போகும் வழி அடைபடும். பாலியஸ்டர் இழைக்குள் தண்ணீர் போகாது. இழைகளுக்கு நடுவிலிருக்கும் சந்துகளில் மட்டும் ஏறிப் பரவும். பரந்த இடத்தில் மெல்லிய படலமாகப் பரவுவதால் சீக்கிரம் ஆவியாகும். நனைந்த பருத்தி தோலின் மேல் வழுக்காமல் இழுத்துப் பிடிக்கும். உங்கள் நெஞ்சில் ரத்தம் வந்தது இதனால்தான்: ஈரத்தில் ஊறி மென்மையான தோல், அதன் மேல் கனத்துத் தொங்கும் துணி, நடுவில் காய்ந்த வேர்வையின் உப்பு, ஆயிரக்கணக்கான எட்டுகள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் என்று இருந்தாலே போதும் என்று எடுத்துவிடாதீர்கள். நூலுக்கு நடுவிலும் பின்னலுக்கு நடுவிலும் தண்ணீர் தங்கும். துணி கனமாக இருந்தால் பாலியஸ்டரும் ஈரச் சாக்குதான். பெயர் அச்சடித்த விளையாட்டு ஜெர்சிகளில் பல, 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) கொண்ட இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணி. பேட்மிண்டன் கோர்ட்டுக்குச் சரி, உங்கள் 10 கிலோமீட்டருக்கு ஆகாது. உங்களுக்கு 90 முதல் 130 ஜி.எஸ்.எம். போதும். 150-ஐத் தாண்டினால் தொடவே வேண்டாம். 80-க்குக் கீழே போனால் உள்ளே தெரியும்; வாய்க்கால் கரையில் சீமைக்கருவேல முள் பட்டால் கண்ணி இழுத்துக்கொண்டு ஓட்டை விழும்.

திருப்பூரில் துணியை வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, அந்த வட்டம் எத்தனை கிராம் என்று பார்த்து நூறால் பெருக்குவார்கள். 1.2 கிராம் இருந்தால் 120 ஜி.எஸ்.எம். தைத்த சட்டையை வெட்ட முடியாதே, அதற்கு வழி சட்டையையே நிறுத்துப் பார்ப்பது. எல் சைஸ் அரைக்கைச் சட்டைக்கு 1.1 முதல் 1.2 சதுர மீட்டர் துணி போகும். ஆக 120 ஜி.எஸ்.எம். சட்டை 130, 145 கிராமுக்குள் நிற்கும். 200 கிராமைத் தாண்டினால் அது 180 ஜி.எஸ்.எம். பக்கம். சமையலறைக்கு விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் கடைக்கே எடுத்துப் போங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், திருப்பூரில் எல்லாமே கிராம் கணக்குத்தான்.

எடைக்கு அடுத்தது பின்னல். சிங்கிள் ஜெர்சி என்கிற வழவழப்பான சாதாரணப் பனியன் பின்னல் நனைந்ததும் முதுகோடு முழுதாக ஒட்டிவிடும். பேர்ட்-ஐ, ஹனிகோம், டாட் நிட் போன்ற கண் வைத்த மெஷ் துணிகளில் மேடு பள்ளம் இருப்பதால் தோலில் சில புள்ளிகளில் மட்டும் படும், நடுவில் காற்றுக்கு இடம் கிடைக்கும். சட்டையின் உள்பக்கத்தைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். மேடுகள் உள்பக்கம் இருக்க வேண்டும். மேடு முழுக்க வெளியே, உள்ளே தட்டையாக என்றால் பாதிப் பயன்தான். பிறகு துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த கையில் மூச்சு தாராளமாகப் பட வேண்டும். நூல் விவரம் சொல்லக்கூடிய இடமாக இருந்தால் 75/72 இருக்கிறதா என்று கேளுங்கள்: 75 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நூலுக்குள் 72 மெல்லிழைகள் என்று அர்த்தம். அதே 75 டெனியரில் 36 இழை என்றால் தோலில் கொஞ்சம் முரடாகப் படும், வேர்வை பரவுவதும் மந்தம்.

பாலியஸ்டரோடு ஸ்பேண்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த துணியும் நிறைய வருகிறது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு அது வேண்டும். தளர்வான ஓட்டப் பனியனுக்கு அவசியமே இல்லை. காய்வது தாமதமாகும், எடையும் கூடும். மூங்கில் துணி என்று மென்மையைக் காட்டி விற்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சந்தையில் வரும் மூங்கில் பனியன்களில் பெரும்பாலானவை மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். அது பருத்தியைவிட அதிகமாக ஈரம் பிடிக்கும், நனைந்தால் வலுவும் குறையும். ராத்திரி போட்டுத் தூங்க நன்றாக இருக்கும். ஓட எடுக்காதீர்கள்.

கடையில் "நூறு சதவீதம் பாலி" என்று சொல்வதைச் சரிபார்க்க விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, வெளியே வந்து, இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டையாக நின்றால் பாலியஸ்டர். காகிதம்போல் எரிந்து உதிரும் சாம்பலானால் பருத்தியோ விஸ்கோஸோ. உருண்டையும் சாம்பலும் கலந்து வந்தால் பி.சி., அதாவது பாலியஸ்டர்-பருத்திக் கலப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை ஒரு சொட்டுத் தண்ணீர். சட்டையை உள்பக்கம் திருப்பி ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் இறங்கி வட்டமாகப் பரவி, வெளிப்பக்கம் இன்னும் பெரிய வட்டமாகத் தெரிந்தால் நல்ல துணி. முத்துப்போல் உருண்டு நின்றால் சிலிக்கோன் சாஃப்ட்னர் (மென்மையாக்கும் பூச்சு) ஏற்றிய துணியாக இருக்கலாம். கைக்குப் பட்டுபோல் வழுக்கும், வாங்குகிறவர் மனம் மயங்கும். ஓடும்போது வேர்வையை வாங்காது, அது நெஞ்சில் தாரையாக இறங்கி ஷார்ட்ஸை நனைத்து ஷூவுக்குள் போகும். கடைக்குள் தொட்டு மென்மையைப் பார்க்கிற பழக்கத்தை இந்த ஒரு பொருளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் 1,400 ரூபாய்ச் சட்டைக்கும் இதுதான் நடந்திருக்கிறது, ஆனால் ஆலையில் அல்ல, உங்கள் வீட்டு வாளியில். ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால், தண்ணீரிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் துணிக்குள் உட்காரும். வாளி ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதேதான். பாலியஸ்டருக்கு எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைக்கும் குணம் வேறு. உடம்பு எண்ணெயும் படிவும் சேர்ந்த இடத்தில் கிருமி தங்கும், துவைத்துக் காய்ந்தபோது நாற்றம் தெரியாது, உடம்புச் சூடு பட்டதும் நாற்றம் எழும்பும். மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் அதன் மேல் இன்னொரு பூச்சு. தண்ணீர் உருண்டு ஓடுவது அதனால்தான்.

அந்தச் சட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை இப்படிச் செய்யுங்கள். 5 லிட்டர் தண்ணீரில் 200 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றி, சட்டையை உள்பக்கம் திருப்பி அரை மணி நேரம் ஊற வையுங்கள். வினிகர் அந்தப் படிவை உடைக்கும். உடைந்ததில் எண்ணெய்ப் பசை மிஞ்சும். அதனால் அலசிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன் விட்டு, அக்குள், முதுகு, கழுத்துப் பட்டி மூன்று இடத்திலும் விரலால் தேய்த்து 15 நிமிடம் வைத்து அலசுங்கள். வரிசையை மாற்றினால் பலன் குறையும். கடைசி இரண்டு அலசலுக்குப் பவானித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துத் துவைக்கும் வீடுகள் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், இதற்கு ஆகவே ஆகாது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். காய்ந்த பிறகு சொட்டுச் சோதனை செய்யுங்கள். பரவினால் சட்டை பிழைத்தது. பரவாவிட்டால் ஆலையில் ஏற்றிய வேர்வை பரப்பும் பூச்சே போய்விட்டது என்று பொருள், அது வீட்டில் திரும்பாது.

புதிதாக வாங்குவதற்கு முதல் நாளிலிருந்தே ஒழுங்கு வேண்டும். ஓடி வந்ததும் சட்டையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போடாமல், வெறும் தண்ணீரில் அப்போதே அலசித் தொங்கவிடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். துவைக்க ஒரு வாளிக்கு 10 முதல் 15 மில்லி திரவ டிடர்ஜென்ட் போதும். சோப்புக் கட்டி, பிரஷ், மணத் திரவம், இஸ்திரிப் பெட்டி நான்கும் வேண்டாம். வெளுத்துப் போகாமல் இருக்க உள்பக்கம் திருப்பி நிழலில் காய வையுங்கள். இந்தத் துணிக்கு நிழலே போதும். நாற்றம் வராது என்று வெள்ளிப் பூச்சு போன்றவற்றைச் சொல்லி விலை கூட்டுவார்கள். துவைக்கத் துவைக்கக் குறைகிற பூச்சு அது. அந்தப் பணத்துக்கு இன்னொரு பனியன் எடுத்துவிடலாம்.

தையலுக்கு வருகிறேன், ஏனென்றால் நல்ல துணியைத் தையல் கெடுத்துவிடும். சட்டையை உள்பக்கம் திருப்பி அக்குள் தையலைத் தடவுங்கள். ஓவர்லாக் என்கிற சாதாரண ஓரத் தையல் என்றால் விரலில் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டும். 5 கிலோமீட்டர் வரை தெரியாது, 15-இல் எரியும். நாலு ஊசி ஆறு நூல் ஃப்ளாட் சீம் என்றால் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும். கடையில் "ஃப்ளாட்லாக் போட்டதுங்க" என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம். திருப்பூரில் கீழ் மடிப்புத் தைக்கிற மெஷினுக்கும் ஃப்ளாட்லாக் என்றுதான் பெயர். அவர் சொல்வது அடிப்பட்டி மடிப்பாக இருக்கும். அக்குளைக் காட்டச் சொல்லுங்கள். ஃப்ளாட் சீம் கிடைக்காவிட்டால் ராக்லன் கை பாருங்கள்: கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் இறங்கும், தோள் முனையில் தையலே இருக்காது. மீன் வலை நூல்போல் கண்ணாடியாக மினுங்கும் நைலான் நூலில் தைத்திருந்தால் வேண்டாம், நுனி குத்தும். பக்கத் தையலில் வைத்துத் தைத்த துணி லேபிளை வேரோடு கத்தரிக்க வேண்டும். பாதியில் வெட்டினால் மிச்சம் கத்திபோல் அறுக்கும். லேபிளுக்குப் பதில் கழுத்தில் அச்சிட்டிருந்தால் நல்லது.

அச்சு என்றதும் இன்னொன்று. நெஞ்சில் பெரிய ரப்பர் பிரிண்ட், ஸ்டிக்கர் பிரிண்ட் இருந்தால் அந்த இடம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதற்குச் சமம். காற்றும் போகாது, வேர்வையும் போகாது, நனைந்ததும் அந்தப் பலகையே மார்புக் காம்பில் உரசும். போட்டிகளில் இலவசமாகத் தரும் சட்டைகளில் இந்தக் குறை அதிகம். பாலியஸ்டருக்குச் செய்யும் சப்ளிமேஷன் அச்சில் சாயம் இழைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் துணியின் கண் அடைபடாது. விரலால் தடவினால் படம் இருப்பதே தெரியக்கூடாது, அதுதான் அடையாளம். விடிவதற்கு முன் ஓடுகிறீர்கள், வண்டிக்காரர் கண்ணில் படுவதற்கு ஒளி திருப்பும் பட்டை வேண்டும். அது மெல்லிய கோடாகத் தோளிலும் முதுகின் கீழேயும் இருந்தால் போதும்.

அளவில் பலரும் இறுக்கத்தின் பக்கம் போய்விடுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் ஒட்டிய உடுப்பு ஈரக் காற்றில் உங்களுக்கு உதவாது. நெஞ்சுச் சுற்றளவு 100 செ.மீ. என்றால் சட்டை 110 முதல் 112 இருக்கட்டும். மேசையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்தால் 55, 56. ஒவ்வொரு எட்டுக்கும் துணி விலகி விலகிப் படும்போது உள்ளே காற்று மாறும். அதற்கு மேல் தளர்ந்தால் நனைந்த துணி அலைந்து அடிக்கும். நீளம் இடுப்பெலும்புக்கு நான்கு விரல் கீழே நிற்கட்டும். கையில்லாத பனியன் காற்றுக்கு நல்லது. ஆனால் உங்கள் கை உள்பக்கம் விலாவோடு உரசுகிறது என்றால் அரைக்கைதான் சரி, நடுவில் ஒரு துணி இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகைக்கு ஒரு கையில்லாத மெஷ், மற்ற நாளுக்கு இரண்டு அரைக்கை, ஆக மூன்று உங்கள் நாலு நாள் ஓட்டத்துக்குப் போதும். நிறத்தில் சாம்பல் மெலாஞ்ச் (வெளிரும் அடர்வும் கலந்த சாம்பல்) மட்டும் தவிருங்கள், வேர்வைத் திட்டு அதில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு ஓடும் நாள் என்றால் வெளிர் நிறம்.

உங்கள் மாப்பிள்ளை சொல்வது நல்ல யோசனைதான். காதர்பேட்டையில் சர்ப்ளஸ் எடுப்பதில் தவறேதும் இல்லை, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியது என்றால் அளவு அந்த ஊர் அளவு. அவர்கள் எம் உங்களுக்கு எல்லாக இருக்கலாம். லேபிளில் உள்ள எழுத்தைப் பார்க்காமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஷேடு மாறியது, அச்சு கொஞ்சம் தள்ளியது, எம்பிராய்டரி பிசகியது இதெல்லாம் ஓட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை, தைரியமாக எடுக்கலாம். ஊசி ஓட்டை, கண்ணி விட்ட கோடு, முறுக்கிப் போய்ப் பக்கத் தையல் முன்னால் வந்து நிற்பது, இரண்டு கையும் ஒரே அளவில் இல்லாதது இவை ஒதுக்க வேண்டியவை. லேபிள் வெட்டியிருப்பார்கள், துணி எதுவென்று எழுத்தில் இருக்காது. நூல் எரிப்பதும் சொட்டுச் சோதனையும் அங்கேதான் கைகொடுக்கும். ஒரே வகையில் அரை டஜன் கட்டி வாங்காமல் முதலில் ஒன்று எடுத்து, ஐந்தாறு முறை துவைத்து, மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். பூச்சின் தரம் அப்போது தெரிந்துவிடும்.

எடுத்து வந்ததும் வீட்டுத் தராசில் ஒரு ஒப்பீடு செய்யுங்கள். ஓடப் போகுமுன் உடுப்பில்லாமல் உங்கள் எடை, சட்டையின் எடை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடி வந்து துடைத்துவிட்டு மறுபடி இரண்டும். உங்கள் எடையில் குறைந்ததோடு வழியில் குடித்ததைக் கூட்டினால் அது ஒரு மணி நேர வேர்வை. ஒரு கிலோவை ஒரு லிட்டராக வைத்துக்கொள்ளலாம். சட்டையில் கூடியது அது பிடித்து வைத்த வேர்வை. பழைய காட்டன் பனியனையும் புது மெஷ்ஷையும் வெவ்வேறு நாளில், ஏறக்குறைய ஒரே மாதிரி வானிலையில் பார்த்தால், எதை வைத்துக்கொள்வது என்று தராசே சொல்லும். எடைக் குறைவு 1.6 கிலோவைத் தாண்டினால், அதாவது உங்கள் எடையில் 2 சதவீதம், அது பனியன் விஷயம் இல்லை, வழியில் குடித்த தண்ணீர் போதவில்லை.

வீட்டில் அவர்களுக்கு: காட்டன் சுடிதார் டாப் நடைக்குக் கனக்கும், முதுகில் ஒட்டும். 120, 130 ஜி.எஸ்.எம். பேர்ட்-ஐ துணியில், நீலம் அல்லது மெரூன் போன்ற அடர்ந்த நிறத்தில், முக்கால் கை, தொடை பாதி வரை நீளம், இரண்டு பக்கமும் 12 முதல் 15 செ.மீ. ஸ்லிட் (பக்கத் திறப்பு) வைத்துத் தைத்துவிடுங்கள். ஸ்லிட் இல்லாவிட்டால் எட்டு வைக்கும்போது ஈரத் துணி தொடையில் சுற்றும். துணியை ரோல் கடையில் கிலோ கணக்கில் வாங்கலாம். உள்ளே தெரிகிறதா என்று வெயிலில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், கூடவே நனைத்தும் பாருங்கள். உள்ளே போடும் ஸ்போர்ட்ஸ் பிராவைப் பொறுத்தவரை, கீழ்ப்பட்டியில்தான் வேர்வை தேங்கி வேர்க்குரு வரும். பட்டி இறுக்கமாக, ஆனால் இரண்டு விரல் போகும்படி இருக்கட்டும். தலைவழியாக மாட்டும் வகை நனைந்தபின் கழற்றக் கஷ்டம். பின்னால் கொக்கி உள்ளது எளிது. வீடு வந்ததும் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

புண்ணுக்கு: ஆறும்வரை மார்புக் காம்பின் மேல் மைக்ரோபோர் டேப் (மருந்துக் கடையில் கிடைக்கும் காகித ஒட்டுப்பட்டை) ஒட்டி ஓடுங்கள். தோல் காய்ந்திருக்கும்போது, எதுவும் தடவாமல் ஒட்ட வேண்டும். முடி இருந்தால் அந்த இடத்தை மட்டும் மழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நனைந்ததும் உரிந்துவிடும். அக்குளுக்கும் தொடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாக. தேங்காய் எண்ணெய் உடம்புச் சூட்டில் இளகி வழிந்துவிடும், அதிக நேரம் நிற்காது. ஜெல்லி பட்ட இடத்தைத் துவைக்கும்போது பாத்திரத் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்க்க மறக்காதீர்கள். அக்குளில் வட்டமாக, ஓரம் சிவந்து அரிக்கிற தடிப்பு வந்தால் அது உரசல் இல்லை, படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை முதலில் அமுக்கிப் பிறகு பரப்பிவிடும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிசம்பருக்கு எந்தச் சட்டை என்பதை ஒரு மாதம் முன்பே முடிவு செய்து, அதே சட்டையில் 15 கிலோமீட்டருக்கு மேல் மூன்று முறையாவது ஓடிவிடுங்கள். போட்டிக்கு முதல் நாள் கையில் கிடைக்கும் புதுச் சட்டையை அன்றைக்குப் போட வேண்டாம். நம்பர் தாளை நெஞ்சு நடுவில் குத்தினால் காற்று வரும் இடமே அடைபடும், ஊக்கு மெஷ்ஷையும் கிழிக்கும். வயிற்றுக்குக் கீழே குத்துங்கள், அல்லது இடுப்பில் கட்டும் நம்பர் பெல்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அந்தக் கனமான காட்டன் பனியனையும் பையில் வைத்துக்கொண்டே போங்கள். 21 கிலோமீட்டர் முடிந்து ஓட்டம் நின்றதும் மார்கழிக் குளிரில் ஈர மெஷ் சில்லென்று பிடிக்கும். உடனே கழற்றி, துண்டால் துடைத்து, காய்ந்த காட்டனை மாட்டிக்கொண்டால் கோபி வந்து சேரும்வரை சுகமாக இருக்கும்.